யாரோ என்று நினைத்து எழுதியவர்

மோசஸ் வேலாயுதத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, நடுநிலையாக எழுதவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

ஆனால் கிள்ளானில் எங்கள் சபையில் அவரைப் பிடிக்காதவர் என்று ஒருவரும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் கூடுகிற சிறிய தமிழ்ச் சபை எங்களுடையது. லிப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்களைக் கைபிடித்து மேலே கொண்டுவந்து உட்கார வைப்பவர் மோசஸ் பிரதர்தான். மற்ற மூப்பர்கள் மைக்கை விழுங்கிவிடுவது போல ஜெபிப்பார்கள். இவர் பக்கத்து வீட்டில் கொஞ்சம் சீனி கேட்பவரைப் போல ஆண்டவரிடம் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டாலே எங்களுக்கு அழுகை வரும்.

டெங்கில் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா வேலாயுதம் லோரி ஓட்டினார், குடித்தார், வீட்டில் இருந்த எல்லாரையும் அடித்தார். இளைஞனாகக் கிள்ளானுக்கு வேலை தேடி வந்த மகன், திடலில் நடந்த ஒரு சுவிசேஷக் கூட்டத்தில் பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே போனார், அன்றைக்கே முழங்கால் போட்டார். குடியைத் தொட்டதில்லை, சிகரெட்டைத் தொட்டதில்லை. இந்தச் சாட்சியை அவர் சபையில் பல தடவை சொல்லியிருக்கிறார். "அடிக்கிற கை எங்க குடும்பத்துக் கை. அதை ஆண்டவர் வாங்கிக்கிட்டாரு" என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவார். அது பொய்யும் இல்லை. மனைவி சீதாலெட்சுமியை அவர் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை.

மேருவில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தார். கோவிட் வந்து சபைகளை மூடியபோதுதான் நல்ல போன் ஒன்று வாங்கினார், வீட்டிலிருந்தே ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துகொள்வதற்காக. ஜெபக் கூட்டங்கள் திரும்ப மாடிக்கு வந்துவிட்டன. அவர் போனிலேயே தங்கிவிட்டார்.

பொய்ப் பெயரில் ஒளிந்துகொண்டு எழுதியவர் இல்லை அவர். சொந்தப் பெயர், சொந்தப் படம். வெள்ளைச் சட்டையில், எங்கள் சபை மைக்குக்கு முன்னால் கைகளை உயர்த்தி நிற்கும் படம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர் முகநூலில் எழுதியவை வேறு. தைப்பூசப் படங்களின் கீழே பால்குடம் எடுத்த பெண்களைப் பற்றி அவர் எழுதியதை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. வங்காளதேசத் தொழிலாளர்களைப் பூச்சிகள் என்பார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சபையில் பாடும் பெண்ணின் சட்டையைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதினார். எங்களில் பாதிப் பேர் அவருக்கு முகநூல் நண்பர்கள்தான். "பிரதருக்கு வைராக்கியம் ஜாஸ்தி" என்று பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். சிலர் லைக்கும் போட்டார்கள்.

ஒரே மகள் கெசியாதான் பொறுக்கவில்லை. பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை அவளுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை வீடு. நோன்புப் பெருநாளுக்குத் தன் மலாய்த் தோழியின் வீட்டில் எடுத்த படத்தின் கீழே அப்பா எழுதியதைப் பார்த்த அன்றே அவரை பிளாக் செய்துவிட்டாள். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவாள். "பா, சாப்பிட்டீங்களா" என்பாள். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு கிடையாது.

இனி தனலெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் விட்டுப் போனவள். கிள்ளானில் ஒரு டோபி கடையில் துணி வெளுத்து, மடித்து, மகன் கிஷனை வளர்த்தாள். ஒரு பெரிய நோயிலிருந்து எழுந்த பிறகு எங்கள் சபைக்கு வரத் தொடங்கினாள். ஆரம்பத்தில் அவளை வீட்டிலிருந்து காரில் அழைத்து வந்ததெல்லாம் மோசஸும் சீதாலெட்சுமியும்தான். அவள் ஞானஸ்நானம் எடுத்தபோது பாஸ்டரோடு தண்ணீரில் இறங்கி அவளைப் பிடித்துக்கொண்டவரும் அவரே.

கிஷன் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன். அம்மாவைப் பிற்பாடு மோட்டர் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவான், மேலே மட்டும் வரமாட்டான். மோசஸ் கீழே இறங்கிப் போய், "தம்பி, மேல வாயேன். ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போ" என்பார். "அடுத்த வாரம் அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவான். அம்மாவிடம், "அந்த அங்கிள் நல்ல டைப்மா" என்றானாம்.

அது ஒரு சனிக்கிழமை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வெளியே வந்த மோசஸ், மேருவில் ஒரு கடையில் ரொட்டி சானாயும் டீயும் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். வட்டாரச் செய்திகளைப் போடும் முகநூல் பக்கம் ஒன்றில் யாரோ ஒருவரின் கார் கேமராவில் பதிவான காட்சி வந்திருந்தது. மேரு சாலையில் ஒரு மோட்டர் வேகமாக இடதும் வலதும் வெட்டிப் போகிறது. லோரி ஒன்றின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் காணாமல் போகிறது. இளைஞர் சம்பவ இடத்திலேயே பலி என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

ரொட்டி வருவதற்குள் மோசஸ் எழுதினார்: "ஒரு குப்பை குறைந்தது. மோட்டர் வாங்கிக் கொடுத்துத் தெருவில் விட்ட தாய்க்கு இன்றைக்கு அழ என்ன உரிமை இருக்கிறது? ஆண்டவர் கணக்குப் பார்க்காமல் விடமாட்டார்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

லைக்குகள் விழுந்தன. முன்பின் தெரியாத ஒரு பெண், "அண்ணே, அந்தப் பிள்ளைக்கும் ஓர் அம்மா இருப்பாங்க" என்று எழுதினாள். அவர் பதில் போட்டார்: "அந்த அம்மாவைத்தான் முதலில் நடுரோட்டில் நிறுத்திக் கேட்க வேண்டும். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தாளா, பிசாசைச் சுமந்தாளா என்று." பிறகு ரொட்டியைச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

மதியம் பாஸ்டர் ரூபன் எங்களுக்கெல்லாம் போன் செய்தார். தனலெட்சுமியின் மகன் போய்விட்டான், எல்லாரும் மருத்துவமனைக்கு வாருங்கள் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மோசஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். அழுதுகொண்டிருந்தார். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். கண்கள் வீங்கியிருந்தன. போலீஸ்காரரிடம் மலாயில் பேசுவது, உடலை வாங்குவதற்கான வேலைகள், சவப்பெட்டிக்குச் சொல்வது எல்லாவற்றையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

பாஸ்டர் யாரிடமோ போனில், "மேரு ரோட்லதான். காலையில. லோரி பக்கத்துல போயி விழுந்திருக்கான்" என்று சொன்னார். மோசஸ் திரும்பிப் பார்த்தார்.

"மேரு ரோட்லயா?"

"ஆமா பிரதர். வீடியோகூட எவனோ போட்டுட்டானாம்."

மோசஸ் தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் நடந்து போனார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். உறவுகளுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு திரும்பி வந்து தனலெட்சுமிக்கு முன்னால் முழங்கால் போட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிய குரலில் நெடுநேரம் ஜெபித்தார். நாங்கள் எல்லாரும் அழுதோம்.

அடக்கம் மறுநாள் பிற்பகலில் என்று முடிவானது. தனலெட்சுமி இருக்கும் ஃப்ளாட்டின் கீழே, பொது இடத்தில் கூடாரம் போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். முகத்தில் அதிகக் காயம் இல்லை. அதனால் மூடாமலே வைத்திருந்தார்கள். மோசஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, ஒரு கையை அதன் விளிம்பில் வைத்தபடி, "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று கிஷனைப் பற்றிப் பேசினார்.

கிஷனோடு வேலை பார்த்த பையன்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். பாதிப் பேர் வேலைச் சட்டையோடு. அவர்களில் குரு என்ற பையன் மோசஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனை எடுத்துப் பார்த்தான், மறுபடியும் அவரைப் பார்த்தான். முந்தின நாள் காலையில், செத்தது தன் நண்பன் என்று தெரிவதற்கு முன்பே, அந்தக் கமெண்டைப் பார்த்து ஆத்திரப்பட்டுப் படம் பிடித்து வைத்திருந்தவன் அவன். ஜெபம் முடிந்ததும் முன்னால் வந்தான்.

"அங்கிள், உங்க பேரு மோசஸ் வேலாயுதமா?"

"ஆமா தம்பி."

"முகநூல்ல வெள்ளச் சட்டை போட்டு மைக் முன்னாடி நிக்கிறது நீங்கதானே?"

மோசஸ் சுற்றிலும் பார்த்தார். "தம்பி, அதெல்லாம் பேசற எடம் இல்ல இது. வெளிய போயிப் பேசலாம் வா."

"இங்கதான் பேசணும் அங்கிள். அவன் இங்கதானே படுத்திருக்கான்."

பாஸ்டர் எழுந்து வந்து குருவின் தோளில் கை வைத்தார். குரு அந்தக் கையைத் தட்டிவிட்டான். தனலெட்சுமி நாற்காலியிலிருந்தே கேட்டாள்.

"என்னாய்யா குரு?"

"ஒண்ணும் இல்ல ஆன்டி."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் போனை மறைக்கிற? கொண்டா பாப்போம்."

அவன் தயங்கினான். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். வேறு வழியில்லாமல் போனைக் கொடுத்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் அவள். எழுத்துக் கூட்டுவது போல் உதடு அசைய, மெதுவாக, கமெண்டையும் அதன் கீழே இருந்த பதிலையும் படித்தாள். 

"பிரதர்" என்றாள். "நேத்து ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சி ஜெபம் பண்ணீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

மோசஸ் பாஸ்டரைப் பார்த்தார்.

"தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"சிஸ்டர், நான் அத உடனே அழிச்சிட்டேன்."

"அப்ப தெரியும்."

அவள் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. டோபி கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே சாதாரணக் குரலில் பேசினாள்.

"அவன் வேகமாத்தான் போனான். எனக்குத் தெரியாதா? நானுந்தான் தெனம் கத்துவேன், மெதுவா போடா மெதுவா போடான்னு. நான் ஒண்ணும் மோட்டர் வாங்கிக் குடுக்கல, அவனா சம்பாரிச்சி வாங்குனது. அது போவட்டும். வயித்துல எதச் சுமந்தேன்னு கேட்டிருக்கீங்கள்ல. தொறந்துதானே வெச்சிருக்கு. நல்லாப் பாத்துக்குங்க."

மோசஸ் பார்க்கவில்லை.

"பெட்டி மேலேருந்து கையை எடுங்க" என்றாள். "எடுத்துட்டுப் போயிடுங்க. அந்தப் பையனுங்க அடிச்சாங்கன்னா நான் தடுக்க மாட்டேன்."

அவர் போய்விட்டார். சீதாலெட்சுமி அவர் பின்னால் போகவில்லை. அடக்கம் முடியும்வரை கல்லறையில் எங்களோடு நின்றுவிட்டு, என் காரில்தான் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே மோசஸ் முகநூலில் நீளமாக ஒன்று எழுதினார். மன்னிப்பு என்ற சொல் முதல் வரியில் இருந்தது. இரண்டாவது வரியிலிருந்து, சபையைப் பிரிக்க சாத்தான் எப்படி வேலை செய்கிறான் என்று போனது. ஒரு தாயின் துக்கத்தைச் சிலர் தூண்டிவிடுகிறார்கள் என்றார். ஆனாலும் அந்தப் பையன் சாலை விதியை மீறியது உண்மைதானே என்று முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததும் அழகாக இல்லை. குரு பிடித்த படம் நாடெங்கும் சுற்றியது. மோசஸ் குடியிருக்கும் வீட்டை யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். தொழிற்சாலைக்குப் போன் செய்து திட்டினார்கள். "உன் மகளும் இதே மாதிரி லோரியில் மாட்டிச் சாகட்டும்" என்று ஒருவன் எழுத, அதற்கு ஆயிரக்கணக்கில் லைக். ஒன்றும் அறியாத சீதாலெட்சுமியின் படத்தைப் போட்டு, அவர் உடம்பைக் கிண்டல் செய்தார்கள். எழுதியவர்களில் இந்துக்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள். சுயவிவரப் படத்தில் சிலுவை வைத்திருந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். கிஷனுக்காக எழுதுவதாக எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். தனலெட்சுமி இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டாள்.

பாஸ்டர் மூப்பர்களைக் கூட்டினார். பாஸ்டர் ரூபன் வயதில் சிறியவர். அவர் வருவதற்கு முன்பிருந்தே மோசஸ் அங்கே மூப்பர். அதனால் அவருக்கு மோசஸிடம் எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. அன்றைக்கு நானும் இருந்தேன்.

"கிஷன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேனா பாஸ்டர்? அவன என் பிள்ளை மாதிரி நெனச்சேன். யாரோ ஒரு பையன்னு நெனச்சுதான் எழுதினேன்."

"யாரோ ஒரு பையன்னா எழுதலாமா பிரதர்?"

"நெட்ல எல்லாரும் அப்படித்தான் லா எழுதுறாங்க. அது வேற, நெசம் வேற. இத்தன வருஷமா என்னைப் பாக்குறீங்க. என் இருதயம் எப்படின்னு ஆண்டவருக்குத் தெரியும்."

பாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அவருக்கு மட்டும் தெரிஞ்ச வரைக்கும் பரவாயில்ல பிரதர். இப்ப எங்களுக்கும் தெரிஞ்சிபோச்சு."

மோசஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். பதவியிலிருந்து இறங்கச் சொல்வதற்கு முன்பே, சபையை விட்டே போகிறேன் என்றார். படியில் இறங்கும்போது எங்களைப் பரிசேயர்கள், வெளிவேஷக்காரர்கள் என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

அந்த வார இறுதியில் கெசியா வீட்டுக்கு வந்தாள். அடுத்து நடந்தது அவள் என்னிடம் சொன்னது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். சீதாலெட்சுமிக்கு முகநூல் கிடையாது. கணவர் இத்தனை காலம் அதில் என்ன எழுதுகிறார் என்று கேட்டதும் கிடையாது.

"உன் போன்ல அப்பா எழுதுனதெல்லாம் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா."

"பாக்க முடியுமா, முடியாதா?"

கெசியா பிளாக்கை எடுத்துவிட்டு, கீழே கீழே போய்த் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். பால்குடம் எடுத்த பெண்களைப் பற்றி எழுதியதை. பாடகியின் சட்டையைப் பற்றி எழுதியதை. வேலையிழந்து வீடியோவில் அழுத ஓர் ஆளை, சோறு தின்னத் தெரிந்த கழுதை என்று எழுதியதை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். "நிறுத்தாத. படி" என்றார். கடைசியில் போனைக் கீழே வைத்தவள் கெசியாதான்.

"உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையாம்மா?"

"இந்தப் பேச்சு எனக்குத் தெரியும்" என்றார் சீதாலெட்சுமி.

கெசியாவுக்குப் புரியவில்லை.

"கல்யாணம் ஆன புதுசுலேருந்து தெரியும். கொழம்புல உப்பு ஜாஸ்தியானா இந்தப் பேச்சுதான். எங்கண்ணன் வீட்டுக்குப் போயிட்டு லேட்டா வந்தா இந்தப் பேச்சுதான். உனக்கப்புறம் ஒண்ணு வயித்துல தங்காமப் போச்சுல்ல. நான் படுத்துக் கெடக்கேன். கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, பிள்ளையைச் சுமந்தியா பிசாசச் சுமந்தியான்னு கேட்டாரு. தனலெட்சுமி கூடாரத்துல, வயித்துல எதச் சுமந்தேன்னு சொன்னப்பவே மிச்சம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

"எனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

"உன் முன்னாடி பேசமாட்டாரு. ரூம் கதவைச் சாத்திட்டுத்தான் பேசுவாரு. மெதுவாத்தான் பேசுவாரு."

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். சபையில எல்லார்கிட்டயும் எவ்வளவு பதமா பேசுறாரு. அப்ப கோளாறு என்கிட்டதான்னு நெனச்சேன். ஆண்டவரே, என்னைத் திருத்துங்கன்னு தெனமும் முழங்கால் போட்டேன். இத்தன வருஷமும் தப்பான ஆளுக்காக ஜெபம் பண்ணியிருக்கேன், பாரு."

மோசஸ் வேலையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் ஒரு பெட்டியும் இரண்டு பைகளும் இருந்தன.

"நான் கெசியாகூடப் போறேங்க" என்றார் சீதாலெட்சுமி.

"எத்தன நாளைக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி இல்ல."

"ஊரு என்ன பேசும்னு யோசிச்சியா?"

"ஊரு பேசுறத நீங்கதானே எழுதுறீங்க. எழுதுங்க."

அன்றைக்கு அவர் கதவைச் சாத்தவில்லை. மகள் நிற்கிறாள் என்பதையும் மறந்துபோனார். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, கொஞ்சமும் சத்தம் போடாமல், மனைவியின் பிறப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். போனில் படித்தபோதெல்லாம் அந்த எழுத்துக்குக் குரல் இல்லை, அன்றுதான் அதன் குரலைக் கேட்டேன் என்றாள் கெசியா. அம்மா பைகளை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்று, அவர் பேசி முடிக்கும்வரை பழக்கப்பட்டவர் போலக் காத்திருந்தாராம். முடிந்ததும், "போலாம்" என்றாராம்.

தொழிற்சாலையில் மோசஸை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஊர் வாயும் கொஞ்ச நாளில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. அவர் தனியாக ஒரு முகநூல் பக்கம் தொடங்கி, வாரம் ஒரு முறை நேரலையில் பேச ஆரம்பித்தார். துரத்தப்பட்ட ஊழியக்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். எங்கிருந்தோ அவருக்கு ஆட்களும் சேர்ந்தார்கள்.

தனலெட்சுமி சபையை விட்டுப் போய்விடுவாள் என்று நாங்கள் பயந்தோம். சில வாரங்கள் வரவில்லை. பிறகு பஸ் பிடித்துத் தனியாக வந்தாள். "நான் எறங்குன தண்ணியில அவரும்தான் நின்னாரு. அதுக்காக அந்தத் தண்ணிய நான் கீழ ஊத்திட முடியாது" என்றாள். 

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மத்தியானம் நான் அவள் வீட்டில் இருந்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே ஆள் வந்து நின்றார். மோசஸ். கையில் ஒரு பை ஆரஞ்சு. இளைத்திருந்தார். தனலெட்சுமி கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை.

"சிஸ்டர், மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"கேளுங்க."

அவர் பேசினார். அந்தப் பழைய மெல்லிய குரல்தான். தான் பட்ட அவமானத்தைச் சொன்னார். மனைவியையும் மகளையும் தன்னிடமிருந்து பிரித்துவிட்டார்கள் என்றார். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. தனலெட்சுமி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"இவ்வளவு நேரம் பேசுனீங்க" என்றாள். "அவன் பேரு இன்னும் உங்க வாயில வரல பிரதர்."

"கிஷனுக்காகவுந்தான் சிஸ்டர்."

மோசஸ் ஆரஞ்சுப் பையைக் கைமாற்றிக்கொண்டார்.

"நீங்க மன்னிக்கணும். மன்னிக்கலேன்னா நம்ம ஜெபம் கேக்கப்படாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். அத நான் ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிறேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா சாயந்திரமே எழுதுவீங்க."

அவர் முகம் மாறியது. "உன்ன மாதிரி ஆளுங்கள..." என்று தொடங்கினார். அவள் தோளுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. நிறுத்திக்கொண்டார். ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கக் குனிந்து, பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் தானே எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனார்.

அவர் மனம் திருந்தி வந்தாரா, வேறு எதற்காவது வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணீர் உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று மாலையே எழுதினார். "இன்று என்னைத் தாழ்த்தி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு திறக்கப்படவில்லை. இருதயம் கடினப்பட்டுப்போன ஒரு சகோதரிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." கீழே வரிசையாக ஆமென்கள். அழைத்துக் கேட்டவர்களுக்கு அது எந்த வீடு என்றும் சொல்லியிருக்கிறார்.

சீதாலெட்சுமி இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாவிடம் வேலை செய்கிறார். அங்கே எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். மோசஸின் அந்தப் பதிவை யாரோ கெசியாவுக்கு அனுப்பி வைக்க, சாப்பிட உட்கார்ந்தவள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போனாளாம். முதல் வரி முடிவதற்குள் அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, "போனை மூடிட்டுச் சாப்பிடு, ஆறிடும்" என்றாராம்.